சைக்கிளின் முன்னே ஒரு சாட்சி



வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வரும் வாப்பாமாரிடம் பிள்ளைகள் கொடுத்தனுப்பும் பட்டியலில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருள் சேர்ந்திருக்கிறது. சைக்கிளின் கைப்பிடியில், முன்னோக்கிப் பொருத்தும் சிறிய வீடியோ கேமராதான் அது. மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் கொண்ட 'ரோடு பைக்' என்ற சைக்கிளை வாங்கித் தந்ததே பெரும் செலவு. அதன்மேல் ஒரு கேமராவுமா, இது வீண்விரயம் ஆகாதா என்று உம்மாமார் கேட்பது நியாயமான கேள்வியே. வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

எனினும், ஒரு பொருள் விரயமா அன்றா என்பது அதன் விலையைக் கொண்டு முடிவு செய்யப்படுவதன்று. அதன் நோக்கத்தைக் கொண்டும், அந்நோக்கத்துக்கு அது உண்மையில் உதவுகிறதா என்பதைக் கொண்டும் முடிவு செய்யப்படுவது. ஆகவே நோக்கத்திலிருந்து தொடங்குவோம்.

களியக்காவிளையிலிருந்து குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி வழியாக நாகர்கோவில் வரும் நெடுஞ்சாலையை நம் மாவட்டத்தார்க்கு விளக்கத் தேவையில்லை. இருமருங்கும் கடைகள், வீடுகள், ஒதுங்குவதற்கு ஓரமில்லை. கேரளத்துக்குப் பாறைக்கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் பாரவண்டிகள் ஒருபுறம். அரசுப் பேருந்துகள் மறுபுறம். இச்சாலையில் சுப்ஹுத் தொழுகைக்குச் சைக்கிளில் செல்லும் முதியவர் உண்டு, பால்காரர் உண்டு, உடற்பயிற்சிக்காக விடியலில் புறப்படும் இளைஞரும் உண்டு. இவர்களுள் ஒருவரைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டு நிற்காமல் சென்றுவிட்டால், அந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

சட்டம் சொல்வதைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, இடித்த வண்டி எதுவென்று முயன்றும் கண்டறிய இயலாத விபத்துகளுக்கு, மரணம் நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயம் நேர்ந்தால் 50,000 ரூபாயும் இழப்பீடாக வகுத்துள்ளது. இத்தொகைகள் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. வண்டியின் எண் தெரிந்துவிட்டாலோ நிலை முற்றிலும் வேறு. ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், குடும்பத்தார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் மீது முழு இழப்பீடு கோரலாம்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சிறு கணக்கினால் காட்டுகிறேன். 32 வயதான ஒருவர். சிறு கடை வைத்து மாதம் 15,000 ரூபாய் ஈட்டியவர். மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருந்தனர். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துத் தந்த முறைப்படி, ஆண்டு வருமானமான 1,80,000 ரூபாயுடன் எதிர்கால வளர்ச்சிக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு முதலிய சிறு தொகைகள் இதற்கு மேல். வண்டியின் எண்ணை எவரும் பார்க்கவில்லை என்றால் அதே விதவைக்கு 2 இலட்சம்!

அந்த 2 இலட்சமும் எளிதில் கைக்கு வருகிறதா என்றால் அதுவும் இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு புள்ளிவிவரத்தைச் சுட்டிக்காட்டியது. 2022-இல் நாடெங்கும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. ஆனால் 2022-23 நிதியாண்டில் இத்திட்டத்தின் கீழ் வந்த விண்ணப்பங்கள் 205 மட்டுமே! இப்படியொரு திட்டம் இருப்பதையே மக்கள் அறியவில்லை. வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பித்தால் மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார் என்பதை ஜமாஅத் நிர்வாகிகளாவது மனத்தில் குறித்துக்கொள்வது நலம்.

ஆக, அந்தக் குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் பின்பலகையிலுள்ள பத்து எழுத்துகளில் தொங்குகின்றன. அவற்றை யார் நினைவில் வைத்திருப்பார்? நம் இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே அவையில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அத்தகைய அவதானம் ஒரு நூற்றாண்டில் ஒருவருக்கு வாய்ப்பது. சாலையோரத்தில் வீழ்ந்து கிடக்கும் நம் பிள்ளைக்கு, இடித்தது லாரியா வேனா என்பதே நினைவில் நிற்காது. இங்கேதான் கேமராவின் வேலை தொடங்குகிறது.

சாட்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி நிறுத்துவதையும் பற்றியது (2:282). ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்ற நபிமொழியும் திர்மிதீயில் உள்ளது. எனவே சாட்சி வைத்துக்கொள்வது இறைநம்பிக்கைக் குறைவாகாது.

ஹதீஸ் கலை பயிற்றுவிப்பவன் என்ற முறையில் எனக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றுகிறது. ஓர் அறிவிப்பாளரிடம் நம் இமாம்கள் முதன்மையாகத் தேடியவை இரண்டு. ஒன்று, அதாலத் என்னும் நேர்மை. மற்றொன்று, ளப்து என்னும் துல்லியம். நல்லவராக இருந்தும் கேட்டதைச் சரியாகப் பற்றிக்கொள்ளாதவரின் அறிவிப்பை அவர்கள் ஏற்கவில்லை. கேமராவிடம் நாம் தேட வேண்டிய துல்லியம் எது? படம் அழகாக இருப்பதன்று. எண் பலகை படிக்கும்படி இருப்பது.

கடைக்காரர் 'விரிகோணம்' என்று பெருமையாகச் சொல்வார். முட்டம் கடற்கரையைப் படம்பிடிக்க அது நன்று. எண்ணைப் படிக்க அதுவே பகை. கார், லாரி ஆகியவற்றின் பலகையில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதி. தோராயமாகக் கணக்கிட்டால், 120 பாகை விரிவுள்ள கேமரா ஐந்து மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கிறது. அகலவாட்டில் 1,920 புள்ளிகள் கொண்ட சாதாரண 'முழு எச்.டி.' படத்தில் அந்த 65 மில்லிமீட்டர் எழுத்துக்குக் கிடைப்பவை ஏழு புள்ளிகளே. 3 எது, 8 எது என்று அதில் பிரித்தறிவது அரிது. அதே கேமராவைக் குறுகிய 90 பாகைக்கு மாற்றினால் பன்னிரண்டு புள்ளிகள். 'நான்கு கே' எனப்படும் 3,840 புள்ளிப் படமும் சேர்ந்தால் இருபத்தைந்து. பத்து மீட்டர் தொலைவுக்கு இவை பாதியாகக் குறையும்.

நேரமும் குறைவு. சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலும் வேன் 60 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், வேன் ஒரு வினாடியில் 11 மீட்டர் நம்மைவிட்டு விலகிவிடும். நமக்குக் கிடைக்கும் அவகாசமே அந்த ஒரு வினாடிதான். ஆகவே, நான்கு கே தரமும், கோணத்தைக் குறுக்கிக்கொள்ளும் வசதியும் இல்லாத கேமராவை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னரே.

அடுத்தது வெளிச்சம். சுப்ஹுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் சாலை இருளாகவே இருக்கும். இருளில் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தன் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது, அதற்குள் கைப்பிடி அதிர்கிறது, எழுத்து கலங்கிவிடுகிறது. மற்றொரு தொல்லை, ஒளியைத் திருப்பி வீசும் எண் பலகை முன்விளக்கு பட்டவுடன் வெறும் வெள்ளைத் தாளாகப் படத்தில் தெரிவது. ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைக்கும் வசதி இதற்காகத் தேவை. கேமராவை நம்பி விளக்கை மறந்துவிடலாகாது. இருளில் நம் பிள்ளையைக் காப்பது முதலில் விளக்கும் பின்புறச் சிவப்பொளியுமே.

ஒரு எளிய உத்தியும் உண்டு. வண்டி கடந்ததும் அதன் எண்ணை உரக்கச் சொல்லிவிடுவது! கேமராவின் ஒலிவாங்கி அதைப் பதிந்துகொள்ளும். படம் கலங்கினாலும் சொல் நிற்கும். எழுத்து வடிவத்தோடு வாய்மொழி அறிவிப்பும் சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துவது நமக்குப் புதிதா என்ன?

எங்கே பொருத்துவது?

தலைக்கவசத்தின் உச்சியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு செல்லும் இளைஞர்களைக் காண்கிறோம். நம்மில் பலர் அன்றாடம் எல்லையைத் தாண்டிப் பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் செல்பவர்கள். கேமரா பொருத்திய தலைக்கவசத்துடன் இருசக்கர மோட்டார் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் வரை உரிமம் நிறுத்தமும் என்று கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல் அறிவித்தது. விழும்போது அந்த மேடு தலையைத் தாக்கும் என்பதே அத்துறை சொன்ன காரணம். அவ்விதி மோட்டார் வண்டிக்கானது. ஆயினும் தலை எல்லாருக்கும் ஒன்றுதான். கேமராவின் இடம் கைப்பிடியே.

ரோடு பைக்கில் கைப்பிடியின் நடுவிலிருந்து முன்னே நீளும் ஒரு சிறு தாங்கியைப் பொருத்தி, மேலே வேகம் காட்டும் கருவியையும் கீழே தலைகீழாகக் கேமராவையும் மாட்டுவது வழக்கம். எனவே படத்தைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் கேமராவாக இருக்க வேண்டும். பிரேக் கம்பிகள் கண்ணை மறைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எடையும் முக்கியம், முன்னே நீட்டிய தாங்கியில் கனமான கேமரா ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தைக் கேமராவுக்குள்ளேயே சரிசெய்யும் வசதி பகலில் உதவும். இருளில் கலங்கிய எழுத்தை எந்த வசதியாலும் மீட்க இயலாது. உறுதியான உலோகத் தாங்கி ஒன்று, கேமராவின் பல வசதிகளைவிட மேலானது. முன்கூடை வைத்த சாதாரண சைக்கிள் என்றால் கூடைக்கு முன்னே பொருத்த வேண்டும்.

முன்னோக்கிய கேமரா பின்னாலிருந்து வந்து இடிப்பதைப் பார்க்காதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஓடுகிற வண்டி நம்மைக் கடந்து முன்னே சென்றுதானே ஓட வேண்டும்? சைக்கிள் கவிழ்ந்து கேமரா வானத்தைப் பார்த்துவிட்டால் பயனில்லை. கைப்பிடி உரசித் தள்ளப்படும் விபத்துகளில் பயனுண்டு. ஒன்றுக்கு மட்டுமே பணம் உள்ளவர் முன்புறத்துக்கு வாங்குவது சரி.

இந்தத் தேவைக்கென்றே செய்யப்பட்டது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து சைக்ளிக் நிறுவனம் வெளியிட்ட ஃபிளை12. முன்விளக்கும் கேமராவும் ஒரே கூட்டில் அமைந்தது. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் அந்நேரத்துப் பதிவை அழியாமல் பூட்டிவைப்பது. கருத்து மிக நல்லது. ஆனால் கருவி பெரியது, பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆள் தேட வேண்டும். மற்றொரு வகை, கோப்ரோ, டிஜேஐ, இன்ஸ்டா360 முதலிய பொதுவான சிறு கேமராக்கள். 2024-இல் வந்த கோப்ரோ ஹீரோ 86 கிராம் எடையில் நான்கு கே படம் எடுப்பது. இன்ஸ்டா360-இன் கோ வரிசை அதனினும் சிறியது. மூன்றாவது வகை, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. பெட்டியின் மேல் நான்கு கே என்று அச்சிட்டிருக்கும். உள்ளே குறைந்த புள்ளிப் படத்தை ஊதிப் பெரிதாக்கியிருப்பார்கள். துல்லியமற்ற அறிவிப்பாளர் என்று ஒதுக்கிவிடுங்கள்.

மழையைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமும் நனைக்கும் மாவட்டம் இது. 'ஐபி' என்ற எழுத்துகளை அடுத்து வரும் இரண்டாம் இலக்கம் 7 என்றால், ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதியினர் உப்புக்காற்றுக்கு அஞ்ச வேண்டும். நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து வைத்தால் போதும். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒலிப்பதிவு வெறும் இரைச்சலாகவே இருக்கும், அதற்கு மருந்தில்லை.

நான்கு கே பதிவு வினாடிக்கு 60 மெகாபிட் என்று கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிகாபைட் நிரப்பும். 128 ஜிகாபைட் மெமரி கார்டு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தாங்கும். எனவே நிறைந்ததும் பழையதை அழித்து எழுதும் சுழற்சிப் பதிவு கட்டாயம். பேட்டரி பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் தீர்ந்துவிடும். கன்னியாகுமரி வரை சென்று திரும்புபவர் மாற்று பேட்டரி ஒன்றும் சேர்த்தே செலவைக் கணக்கிடட்டும்.

அறிவிப்பாளர் தொடர் அறுபடலாகாது

விபத்து நேர்ந்து, பதிவும் கிடைத்துவிட்டது. பலர் முதலில் செய்வது அதை வாட்ஸ்அப்பில் பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது. அனுப்பும்போதே படம் சுருக்கப்பட்டு, நாம் பாடுபட்டுச் சேர்த்த புள்ளிகள் தொலைகின்றன. அதைவிடப் பெரிய கேடு, இஸ்னாத் அறுபடுவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக அளிக்க ஒரு சான்றிதழைக் கேட்கிறது. எந்தக் கருவியில் பதிவானது, யார் பொறுப்பில் இருந்தது என்பவற்றோடு, 'ஹேஷ்' எனப்படும் எண்முத்திரையும் அதில் குறிக்கப்பட வேண்டும். பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த முத்திரை மாறிவிடும். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே மெமரி கார்டை அப்படியே கழற்றி உறையிலிட்டு வைத்து, காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். வெட்டவோ, எழுத்துச் சேர்க்கவோ, இசை சேர்க்கவோ வேண்டாம்.

கடிகாரத்தையும் பாருங்கள்! துபாயில் வாங்கி அங்கேயே நேரம் வைத்த கேமரா நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியிருக்கும். சவூதியில் வைத்தது இரண்டரை மணி. காலை 6 மணி விபத்தை 4.30 என்று காட்டும் பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா விடுவாரா?

இனி அதாலத்துக்கு வருவோம். கேமராவுக்கு நேர்மை என்று தனியாக ஒன்றில்லை. அது உடையவனின் நேர்மையே. தமக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு திருமறை கட்டளையிடுகிறது (4:135). நம் பிள்ளை சிவப்பு விளக்கைத் தாண்டியதும் அதே கார்டில்தான் பதிவாகியிருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு மற்றதைக் கொடுப்பது சாட்சியை மறைப்பதே. துருவித் துருவி ஆராய்வதையும் திருமறை தடுக்கிறது (49:12). தெருக்குழாயடியில் நிற்கும் பெண்கள், வாசலில் விளையாடும் குழந்தைகள், ஜனாஸா ஊர்வலம் எல்லாம் போகிற வழியில் பதிவாகத்தான் செய்யும். அவை சுழற்சியில் தாமே அழிந்துபோகட்டும். எடுத்து வைப்பதோ பிறருக்குக் காட்டுவதோ கூடாது. ஊருக்குள் நுழைந்ததும் கேமராவை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

சாட்சிக்காக வாங்கியது வேடிக்கைக்காக மாறிவிடுவதும் உண்டு. பயணக் காணொளிகளால் இலட்சக்கணக்கானோரை ஈர்த்திருந்த தமிழ் இளைஞர் ஒருவர், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விபத்துக்குள்ளாகிக் கைதானார். சென்னை உயர் நீதிமன்றம் முதலில் ஜாமீன் மறுத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தாயிற்று. கேமரா கேட்கும் மகனிடம் பெற்றோர் இதைப் பேசிவிட்டே பணம் கொடுக்கட்டும். பதிவு யாருக்காக என்று அவன் சொல்லும் பதிலில் நமக்கு வேண்டிய விடை இருக்கும்.

வாங்கியபின், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். மஃரிபுக்குச் சற்று முன், பக்கத்து வீட்டுக் காரை அனுமதியுடன் தெருவில் நிறுத்துங்கள். சைக்கிளில் அதை நோக்கி வழக்கமான வேகத்தில் வாருங்கள். ஐந்து மீட்டரிலும் பத்து மீட்டரிலும் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பதிவைக் கைபேசித் திரையிலன்றிப் பெரிய திரையில் நிறுத்தி, அந்தக் காரை அறியாத ஒருவரிடம் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். இஷாவுக்குப் பின், இருளில் மீண்டும் ஒருமுறை. ஐந்து மீட்டரில் இரு முறையும் பிழையின்றிப் படித்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் பெட்டியோடு கடைக்குத் திருப்பிவிடுங்கள்.